எட்டுக் குடம் தண்ணீர்: கோடைத் தோட்டத்துக்கு மூடாக்கா, சொட்டுநீரா, பச்சை வலையா?

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற பக்கம். ரேஷன் கார்டு கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ். கேரளம் என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையையும் பச்சையையும் நினைத்துக்கொள்கிறார்கள். மாநிலத்தின் சராசரி ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் அதில் பாதி கிடைப்பதே அரிது. தமிழ்நாட்டோடு செய்த பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்று இருக்கிறது. அது வாய்க்கால் பாய்கிற வயலுக்குப் போகிற தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்கறிப் பாத்திக்குப் போரும் கிணறும்தான் கதி. பங்குனியில் மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் காற்று வர ஆரம்பித்துவிடும்.

இந்த மண்ணில் பதினைந்து வருடமாக அரை சென்ட் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். மாசி பிறந்தால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் கேட்பது இதைத்தான்: இந்தக் கோடைக்குச் சொட்டுநீர் போட்டுவிடலாமா, பச்சை வலை கட்டலாமா, இல்லை பேசாமல் ஆனி வரைக்கும் சும்மா போட்டுவிடலாமா? எல்லாவற்றையும் ஏதோ ஒரு வருடம் செய்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் குறைவு, கையில் காசும் அளவு, காலையில் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்று இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். கோடையில் இந்தப் பக்கத்து வெயிலும் காற்றும் சேர்ந்து நாளுக்கு 5, 6 மில்லிமீட்டரை இழுத்துவிடும். அரை சென்ட் என்பது 20 சதுர மீட்டர். ஆக, நாளுக்கு 100 முதல் 120 லிட்டர். என் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். எட்டுக் குடம். இதில் ஒரு பங்கைச் செடி குடிக்கிறது. இன்னொரு பங்கு மண்ணின் மேல்தோலிலிருந்து யாருக்கும் பயன்படாமல் ஆவியாகப் போகிறது. செடி சின்னதாக, இலை விரிந்து தரையை மூடாமல் இருக்கும் காலத்தில் இந்த இரண்டாவது பங்குதான் பெரிது. எந்த முறையை எடுத்தாலும், வீணாகப் போகிற அந்தப் பங்கை அது எவ்வளவு குறைக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலம். கார்த்திகையிலிருந்து மாசி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியாக வீசிக்கொண்டே இருக்கும். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது என்று நாம் சந்தோஷப்படுகிற அதே நாட்களில் மண்ணும் காய்ந்துகொண்டிருக்கிறது. 2016 ஏப்ரலில் பாலக்காட்டில் 41.9 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரலில் வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது. இந்த எண்களைக் கேட்டதும் எல்லாருக்கும் நிழல் வலை ஞாபகம் வருகிறது. ஆனால் சித்திரை வெயில் அடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த மண் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இழந்திருக்கும். அதனால்தான் என் வரிசையில் மூடாக்கு, அதாவது ஓலை சருகு போட்டுத் தரையை மூடுவது, முதலில் வருகிறது, வலை கடைசியில் வருகிறது.

மூடாக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமியார். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, “கண்ணு, வெறுந்தரைக்கு எத்தன ஊத்துனாலும் பத்தாது. அந்த ஓலையை இழுத்துப் போட்டுட்டு அப்புறம் ஊத்து” என்றார். “சரிங்க அத்தை” என்று இழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஓலைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தபோது மண் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டடி தள்ளி வெறுந்தரையில் கால் வைக்க முடியவில்லை. நம்பிக்கை வராதவர்கள் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, நண்பகலில் இரண்டு இடத்திலும் கை வைத்துப் பார்க்கலாம். என் தோட்டத்தில் தினமும் ஊற்றிக்கொண்டிருந்த பாத்திகளுக்கு மூடாக்கு போட்ட பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் போதுமானதாக இருக்கிறது.

எதைப் போடுவது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தென்னை இருக்கும் வீட்டில் மூன்று பொருள் கையருகில் கிடைக்கும்: காய்ந்த ஓலை, தேங்காய் உரித்த உரிமட்டை, மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளான நார்க்கழிவு. தென்னை மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு தெளிவானது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி; அதில் 100 உரிமட்டையைக் குழிந்த பக்கம் தரையைப் பார்க்க, முதுகு மேலே தெரியக் கவிழ்த்து அடுக்கலாம், அல்லது 15 காய்ந்த ஓலை, அல்லது 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்க்கழிவு. மட்டையைக் குழி வெட்டிப் புதைக்கும்போது மட்டும் குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க. இந்த இரண்டையும் மாற்றி வைப்பவர்கள் நிறைய. தரைக்கு மேலே மட்டையை மல்லாத்தி வைத்தால் முதல் கோடை மழைக்கே அதில் தண்ணீர் நின்று கொசு வந்துவிடும்.

காய்கறிப் பாத்திக்கு உரிமட்டை பெரிது. ஓலையை அதன் நடுத்தண்டிலிருந்து சீவி, ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, செடி வரிசைகளுக்கு நடுவே நான்கு விரல் கனத்துக்குப் பரப்புவதுதான் எனக்குப் பிடித்த முறை. பூவரசு, வேம்புச் சருகு இருந்தால் அடியில் அதைப் போட்டு மேலே ஓலை. சருகை மட்டும் போட்டால் காற்று அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்விடும்.

நார்க்கழிவு விஷயத்தில் பட்டு அறிந்தது ஒன்று உண்டு. ஒரு வருடம் கடையில் கட்டியாக விற்கும் கோகோபீட்டை வாங்கி, ஊறவைத்து, அந்த ஈரத்தோடே வெண்டைப் பாத்தி மண்ணில் கலந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் இலை ஓரம் தீய்ந்தது, செடி மஞ்சளாக நின்றுவிட்டது. பச்சை நார்க்கழிவில் உப்பு உண்டு. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து மிகக் குறைவு, கரிமம் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். அது மண்ணில் மக்க ஆரம்பிக்கும்போது செடிக்கு உரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவாமல் நார்க்கழிவைத் தொட வேண்டாம். கழுவினாலும் மக்கவைக்காமல் மண்ணோடு கலக்க வேண்டாம், மேலே பரப்பலாம். காய்ந்தால் அதுவும் தூளாகப் பறக்கும், மேலே நாலு ஓலை குறுக்கே வைத்தால் நிற்கும்.

மூடாக்கில் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். செம்மண்ணில் காய்ந்த ஓலைக்குக் கரையான் வரும். செடித் தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் வெறுமையாக விட்டால் கரையான் ஓலையோடு நின்றுகொள்ளும், தண்டுக்கு ஏறுவது குறையும். கோழியும் மயிலும் கிளறும். எங்கள் பக்கம் இப்போது மயில் இல்லாத தோட்டமே இல்லை. நடுத்தண்டோடு இருக்கும் முழு ஓலை இரண்டைக் குறுக்கே வைத்தால் கிளறல் குறைகிறது. மூன்றாவது பாம்பு. குளிர்ச்சிக்கு அது வரத்தான் செய்யும். கையை நேராக ஓலைக்கு அடியில் விடக் கூடாது. முதலில் குச்சியால் தட்டிப் புரட்ட வேண்டும், விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் தோட்டத்தில் இறங்க வேண்டும். சின்னக் குழந்தைகள் ஓடியாடும் இடமாக இருந்தால் வாசலையும் நடைபாதையையும் ஒட்டிய பாத்தியை மூடாக்கு இல்லாமல் விடுவதே நல்லது. அதில் நான் கீரை விதைக்கிறேன். நெருக்கமாக விதைத்த தண்டுக்கீரை இலையே தரையை மூடிவிடும்.

அடுத்து, தண்ணீர் விடும் முறை. ஹோஸ், சொட்டுநீர், புதைத்த பானை என மூன்று. ஹோஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் தாராளமாக இருப்பவர்களுக்கு அது சரி. மத்தியானம் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிக்கிற தண்ணீர், அதை வேரில் விடக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சொட்டுநீரை எல்லாரும் பெரிதாகச் சொல்கிறார்கள். வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் அது அருமையான முறை, சந்தேகமில்லை. அரை சென்ட்டுக்குப் போடும்போது இரண்டு சிக்கல் வருகிறது. ஒன்று அழுத்தம். சாதாரண டிரிப்பர்கள், அதாவது குழாயில் சொட்டு விடும் வாய்கள், பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. நம் மாடித் தொட்டி தரையிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணிக்கு 4 லிட்டர் என்று எழுதியிருக்கும் டிரிப்பர் அந்த உயரத்தில் பாதிக்குப் பக்கமாகத்தான் விடும், கடைசிச் செடிக்கு இன்னும் குறையும். நேரத்தைக் கூட்டி விட்டால் சரியாகிவிடும், ஆனால் அதைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு. குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிற அதே படிவு டிரிப்பர் வாயையும் அடைக்கிறது. வடிகட்டி வைத்து, வாரம் ஒருமுறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சிவிட்டால் தாக்குப்பிடிக்கும். பத்து நாள் கவனிக்காமல் விட்டால் எந்த வாய் அடைந்தது என்று வாடிய செடிதான் காட்டிக்கொடுக்கும். கறுப்புக் குழாயை வெயிலில் போடாமல் ஓலைக்கு அடியில் போடுவதும் முக்கியம்.

பானை முறை பழையது, நம் வீட்டுப் புழக்கத்துக்கு எளிது. வண்ணம் பூசாத, சுட்ட மண்பானையைக் கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைத்துவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானைச் சுவர் வழியாக ஈரம் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானே குறையும். மேலே நனைவதில்லை என்பதால் ஆவியாகிப் போவதும் சொற்பம், களையும் குறைவு. பத்து லிட்டர் பானை ஒன்றைச் சுற்றி, ஒரு முழத்துக்குள் நான்கு குழி போட்டுப் பாகல், பீர்க்கன், சுரை, வெள்ளரி எது வைத்தாலும் வருகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்புகிறேன். இரண்டு நாள் உறவினர் வீட்டுக்குப் போய்வந்தாலும் கொடி வாடாமல் நிற்கும்.

வாங்கும்போது பானையில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் வெளிப்பக்கம் வியர்த்திருக்க வேண்டும். வியர்க்காத பானை தோட்டத்துக்கு உதவாது. மூடி கட்டாயம், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டி கட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று கோடைக்குப் பிறகு பானையின் துளைகள் அடைந்துவிடும், வேறு வைக்க வேண்டும். கீரைப் பாத்திக்கும் நெருக்கமாக விதைப்பவற்றுக்கும் இது ஒத்துவராது.

என் தீர்ப்பு: நாற்பது ஐம்பது செடிக்குக் குறைவாக இருந்தால் கொடிகளுக்குப் பானையும், மற்றதற்கு மூடாக்குப் போட்டுக் குடத்தால் ஊற்றுவதும் போதும். அதற்கு மேல் வாழை, தென்னங்கன்று என்று விரிந்தால் சொட்டுநீர். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் சொட்டுநீர்தான் நல்லது.

ஊற்றும்போது தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட ஒன்றுவிட்டு ஒரு நாள் நன்றாக ஊற்றுவது நல்லது. தெளிக்கிற தண்ணீர் மேல் இரண்டு விரலில் நின்றுவிடுகிறது, வேரும் அதைத் தேடி மேலேயே வந்து வெயிலில் மாட்டிக்கொள்கிறது. மத்தியானம் பூசணி இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள். அந்த நேரத்தில் வேர் உறிஞ்சுவதைவிட இலை விடுவது அதிகம், அதனால் தொங்குகிறது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் மண்ணில் தண்ணீர் இருக்கிறது. காலையிலும் தொங்கினால்தான் தாகம்.

காலையா மாலையா? தரைப் பாத்திக்கு நான் மாலைதான் சொல்வேன். ஆறு மணிக்கு ஊற்றினால் இரவு முழுக்க ஊறி இறங்குகிறது. இலை நனைந்தால் பூஞ்சாணம் வரும் என்பார்கள். மழைக்காலத்தில் அது உண்மை, எங்கள் வறண்ட கோடையில் தூரில் மட்டும் ஊற்றினால் பயமில்லை. தொட்டிக்கும் குரோ பேக்குக்கும் காலை. அதில் இருக்கிற மண் கொஞ்சம், பகலைத் தாண்ட அன்றைய தண்ணீர் அதற்கு அன்று காலையே வேண்டும்.

குரோ பேக் என்றதும் சொல்ல வேண்டும்: தரை இருக்கிறவர்கள் கோடையில் பையில் வளர்க்காதீர்கள். கறுப்புப் பை நான்கு பக்கமும் சூடேறும், வேர் வெந்துபோகும். மொட்டை மாடி மட்டுமே இருப்பவர்கள் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும் பைகளை நெருக்கி வைத்து, மேற்கு ஓரப் பைகளுக்குச் சாக்கு சுற்றிவிடலாம். தரையில் பாத்தி போடுகிறவர்கள் மேட்டுப் பாத்தியை மழைக்காலத்துக்கு விட்டுவிட்டு, கோடைக்கு ஒரு சாண் பள்ளப் பாத்தி எடுங்கள். ஊற்றியது ஓடாமல் நிற்கும், காற்றும் நேராக மண்ணில் படாது. ஆனி பிறப்பதற்குள் மம்பட்டியால் இழுத்து மேடாக்கிக்கொள்ள மறக்கக் கூடாது.

இனி நிழல். பச்சை வலை 35, 50, 75, 90 சதவீதம் என்று விற்கிறது. கடைகளில் கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டும் 75, 90 சதவீத வலையையே எடுத்துக் காட்டுவார்கள். காய்கறிக்கு அது ஆகாது; செடி வெளிறி நீண்டு, பூக்காமல் நிற்கும். கொத்தமல்லி, பசலை, நாற்றங்கால் இவற்றுக்கு 50 சதவீதம் நல்ல பலன் தரும். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறுக்கு வலையே வேண்டாம், அவை வெயிலுக்குப் பிறந்தவை. நிறையப் பேர் தக்காளிக்காகத்தான் வலை வாங்குகிறார்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கும்போது தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்கிறது. வலை பகல் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும், இரவுப் புழுக்கத்தை என்ன செய்யும்? சித்திரையில் தக்காளி காய்க்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டால் பாதி வீடுகளுக்கு வலைச் செலவே இல்லை.

கட்டுவதாக இருந்தால் எட்டு அடிக்குக் குறையாத உயரத்தில் கட்டுங்கள். நான் முதலில் தலை இடிக்கிற உயரத்தில் கட்டி, கீழே சூடு தேங்கி, கீரை வதங்கியதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வருடம் காற்று ஒரு மூலையிலிருந்து கிழித்துப் போட்டது. இப்போது வலைக்குப் பதிலாக மேற்குப் பக்கம் மட்டும் பின்னிய தென்னங்கீற்றைச் சாய்த்து நிறுத்துகிறேன். இரண்டு மணிக்கு மேல் அடிக்கிற வெயில்தான் செடியை வாட்டுகிறது, அதை மறைத்தால் பாதிக் காரியம் முடிந்தது. கீற்று ஒரு கோடைக்கு உழைக்கும், அப்புறம் அதுவே மூடாக்கு. கிழக்குப் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் இரண்டு வரிசை நெட்டைச் சோளம் விதைத்துவிடுகிறேன். கார்த்திகைக் காற்று வருவதற்குள் ஆளுயரம் வந்துவிடும். கதிர் அறுத்த பின்பும் தட்டையை மாசி வரை வெட்டுவதில்லை. இடம் இருப்பவர்கள் அகத்தி வைக்கலாம், அது வருடக்கணக்கில் நிற்கும்.

இளம் பாக்கு மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்மேற்கு வெயில் நேராகப் படும் தண்டு வெடித்துப் பழுதாகும். அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது ஓலையைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு காலை வேலை, மரத்தின் ஆயுளுக்குப் பலன்.

நாம் வெயிலில் நிற்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் கேரளத் தொழிலாளர் துறை பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஆணை போடுகிறது. கூலிக்கு வருபவர்களுக்குப் பொருந்துவது வீட்டுத் தோட்டத்தில் குனிந்து நிற்கிற அம்மாவுக்கும் அப்பாருக்கும் பொருந்தும். களைக்கொத்து எடுக்கும் வேலை காலை எட்டரைக்குள் முடியட்டும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதை மாலைக்குத் தள்ளுங்கள், பகலில் அடித்தால் இலை கருகும். யூரியாவும், கிளையை ஆழமாக வெட்டிவிடும் கவாத்தும் இப்போது வேண்டாம். இரண்டுமே இளந்தளிரை இழுத்துவிடும், அந்தத் தளிரை இந்த வெயில் விட்டுவைக்காது.

கடைசியாக, இப்போதே நடுவதா, மழைக்குக் காத்திருப்பதா? இங்கே மேடம், அதாவது நம் சித்திரை, பத்தாம் நாளைப் பத்தாமுதயம் என்பார்கள், விதைக்கவும் தென்னங்கன்று வைக்கவும் நல்ல நாள் என்று மலையாளத்து வீடுகளில் எல்லாம் நடுவார்கள். மேற்கே கோடை மழை முன்னதாகவே பெய்யும் ஊர்களில் அது பொருத்தமான நாள். கிழக்கு ஓரத்தில் அதற்குப் பிறகும் ஐந்தாறு வாரம் வெயில் கிடக்கிறது, நடுவில் அக்னி நட்சத்திரமும் வந்து போகும். அதனால் நான் பத்தாமுதயத்தன்று குழி மட்டும் எடுக்கிறேன். மூன்றடிக்கு மூன்றடி குழி, அடியில் இரண்டு அடுக்கு உரிமட்டை குழிந்த பக்கம் மேலே பார்க்க, அதன் மேல் மேல்மண்ணும் தொழுஉரமும். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்தால் குழி குடித்துக்கொள்ளும். கன்று ஆனியில் இறங்கும். சுரை, வெள்ளரி, பாகல் மாதிரி விதைகளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பானையைப் புதைத்துவிட்டு நல்ல நாளன்றே ஊன்றலாம். போன வருடம் அப்படி ஊன்றிய பீர்க்கன், வைகாசி பாதியில் கீற்றின் மேலேயே ஏறிக் காய்த்தது.